அலுவலக நேரத்து ஒத்திகைக் கூடம்

எங்கள் நாடகக் குழுவில் ஆட்கள் இருந்தார்கள், நாடகம் இருந்தது, சண்டை சச்சரவுகூட வேண்டிய அளவு இருந்தது. இடம் மட்டும் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் மாடியில்தான் பல வருடங்கள் ஒத்திகை பார்த்தோம். மத்தியானச் சாப்பாட்டு மேசைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, மீன் குழம்பு வாசனைக்கு நடுவே நின்று வசனம் பேசுவோம். சோகக் காட்சியின்போது கீழே அப்பளம் பொரித்தால் நடிகர்கள் முகத்தில் சோகம் நிற்காது. ஒரு நாள் கடைக்காரர் மாடியை வெளியூர்ப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றப் போவதாகச் சொன்னார். வருத்தத்தோடுதான் சொன்னார். ஆளுக்கொரு தே தாரேக், நுரை பொங்க ஆற்றிய தேநீரும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஏறி இறங்காத இடமில்லை. பங்சாரில் எங்கள் நடிகை ஒருத்தி குடியிருக்கும் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நாள் பார்த்தோம். கணவன் மனைவி சண்டைக் காட்சி உச்சத்துக்கு வந்தபோது காவலாளி தடியோடு ஓடி வந்துவிட்டார். நாடகம் என்று விளக்கியதும், "சரி, சண்டை போடுங்க, ஆனா மெதுவா போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு கிள்ளானில் ஒரு பூப்பந்து அரங்கின் மூலை கிடைத்தது. அங்கே மரணப் படுக்கையில் கிடந்தவர் மேல் பக்கத்து ஆட்டக்காரர்களின் பந்து வந்து விழுந்தது. அவர் எழுந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுபடி படுத்துச் செத்துப்போனார். கடமையுணர்ச்சி உள்ள மனிதர்.

நான் பகலில் காப்புறுதி அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். நாடகத்தை எழுதி இயக்குவது சாயங்கால வேலை. குழுவில் மற்றவர்களும் அப்படித்தான். ஆசிரியர், தாதி, கணக்காளர், கடைக்காரர் என்று ஆளுக்கொரு பிழைப்பு. கதாநாயகனாக நடிப்பவர் பண்டமாரானில் இருக்கிறார். துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். ஆள் பேசவே மாட்டார். எதைக் கேட்டாலும் "ம்" என்பார், ரொம்ப முக்கியமான விஷயமென்றால் "சரிக்கா" என்பார். ஆனால் மேடையில் ஏறினால் அவர் வாயிலிருந்து வருகிற தமிழுக்கு நான் எழுதியதைவிட அழகு கூடிவிடும். அவரை மனதில் வைத்துத்தான் புது நாடகத்தையே எழுதியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி எனக்குப் போன் செய்தார். அதற்கு முன் அவரை நான் பார்த்ததில்லை.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. இவரு வாரத்துக்கு ரெண்டு நாளு நாடகம் நாடகம்னு கெளம்பிடுறாரு. எங்கன்னு கேட்டா ஒரு நாளு பங்சாருங்கறாரு, ஒரு நாளு கிள்ளானுங்கறாரு. ஒரு தடவ கார்பார்க்குங்கறாரு. கார்பார்க்ல யாருக்கா நாடகம் போடுவா?"

நாங்கள்தான் போடுவோம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"வீட்ல சோறு வேணுமா வேணாமா, அத்தோட பேச்சு முடிஞ்சிரும். உங்க நாடகத்துல மட்டும் பக்கம் பக்கமா பேசுறாராம் லா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க? இந்த வருசத்துக்குள்ள இதான் எடம்னு ஒன்னு காட்டச் சொல்லுங்க. நான் வந்து பாக்குறேன். இல்லன்னா நிறுத்திக்கட்டும்."

மறுநாள் அவரிடம் கேட்டேன். "அவ சொல்றது நியாயந்தான்க்கா" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அவர் போனால் நாடகம் போகும். நாடகம் போனால், இடமில்லாமல் ஏற்கனவே பாதி சலித்துப்போயிருந்த குழுவும் போகும். அந்த வாரம் முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

அப்போதுதான் என் பள்ளித் தோழி கூப்பிட்டாள். கிள்ளானில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் நாங்கள். அவள் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர். நகரங்களில் பல்கலைக்கழகமும் அரசாங்கமும் கலைத் துறையும் எப்படிக் கைகோத்து வேலை செய்வது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. பங்சார் காப்பிக் கடையில் மடிக்கணினியைத் திறந்து எனக்கு ஒரு படம் காட்டினாள். மூன்று வட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி உட்கார்ந்திருந்தன.

"இது நாங்க. இது அரசாங்கம். இது படைப்புத் தொழில்துறை. மூணும் சேர்ற நடு எடம் இருக்கு பாரு, அங்கதான் எல்லாமே நடக்கும்."

"அந்த எடத்துல ஒத்திகை பாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. முடியும் என்றாள். பிரிக்ஃபீல்ட்ஸ் பெரிய சாலைக்குப் பின்னால் அரசாங்கக் கிடங்கு ஒன்று சும்மா கிடக்கிறதாம். அதைச் சீர்செய்து கலைஞர்களுக்கான கூடமாக்கப் போகிறார்களாம். அரசாங்கம் கட்டடம் தரும், பல்கலைக்கழகம் ஆய்வு செய்யும், அதைப் பயன்படுத்தத் தொழில்துறை வேண்டும்.

"அந்தத் தொழில்துறை யாரு?"

"நீங்கதான்."

"நேத்துதான் பூப்பந்து கோர்ட்லேர்ந்து எங்கள எழுப்பி விட்டாங்க."

"அதெல்லாம் அங்க வந்து சொல்லித் தொலைக்காத. அப்புறம் இன்னொன்னு. பகல்ல வேலைக்குப் போறோம்னு யாரும் வாயத் தொறக்கக் கூடாது. முழுநேரக் கலைஞருன்னாதான் தொழில்துறை. பகுதிநேரம்னா பொழுதுபோக்குன்னு தூக்கி ஓரமா வெச்சிருவாங்க."

எனக்கு அந்த அறிவுரை பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். முழுநேரக் கலைஞர் என்று யாராவது நம்மைச் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கித்தானே இத்தனை வருடம் ஓடியிருந்தோம்.

கூட்டங்கள் தொடங்கின. எல்லாக் கூட்டமும் வேலை நாளில், காலை பத்து மணிக்கு. முழுநேரக் கலைஞர்களுக்குப் பத்து மணிக்கு என்ன வேலை இருக்கப் போகிறது? நாங்கள் வருட விடுப்பை எடுத்தோம். அது தீர்ந்ததும் எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்தோம். கணக்காளருடைய பெரியப்பா ஒருவருக்கு அந்த வருடம் திரும்பத் திரும்ப டெங்கி வந்தது. ஒரு தடவை கூட்டத்துக்கு நடுவில் என் மேலாளர் அழைத்தார். கிளினிக்கில் இருக்கிறேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஒலிபெருக்கியில் கைதட்டச் சொன்னார்கள். "கிளினிக்கில் கூட்டம் அதிகமோ?" என்று மேலாளர் கேட்டார். நல்ல மனிதர், அதற்கு மேல் கேட்கவில்லை.

அரசாங்கத் தரப்பில் கூட்டங்களை நடத்தியவர் ஒரு மலாய் அம்மா. எல்லாரும் அவரைப் புவான், அதாவது அம்மையார் என்றுதான் கூப்பிடுவோம். சுறுசுறுப்பானவர், யாரையும் எடுத்தெறிந்து பேசத் தெரியாதவர். எங்களைப் பார்த்தாலே அவர் முகம் மலர்ந்துவிடும். கறிபாப் பலகாரத் தட்டு முதலில் எங்கள் பக்கம்தான் வரும். கலைஞர்கள் சரியாகச் சாப்பிட மாட்டார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் வயிறு நிறைய இட்லி சாப்பிட்டுவிட்டு வந்த நாங்கள், அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனமில்லாமல் தட்டைக் காலி செய்தோம்.

கூடத்தைப் பற்றிப் பேசியதைவிடப் பதாகையைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். பதாகையில் யாருடைய சின்னம் முதலில், யாருடையது எத்தனை பெரிது என்பதிலேயே மூன்று வட்டங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. கடைசியில் மேலே அரசாங்கம், கீழே பல்கலைக்கழகம் என்று முடிவாகி, தொழில்துறையின் சின்னம் எங்கே என்று எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். எங்களுக்குச் சின்னம் இல்லை. நாடகம் போடச் சின்னம் வேண்டும் என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. அந்த வார ஒத்திகையை விட்டுவிட்டு உட்கார்ந்து ஒரு முகமூடியை வரைந்தோம். அது வாளி மாதிரி இருப்பதாகத் துறைமுகத்துக்காரர் சொன்னார். அவர் அபூர்வமாகத்தான் பேசுவார் என்பதால் மாற்றி வரைந்தோம். இரண்டாவது வாளி இன்னும் நன்றாக வந்தது.

தோழி தன் பங்குக்கு மாணவர்களை அனுப்பினாள். அவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வரைபடத்தில் கலை நடக்கும் இடங்களையெல்லாம் புள்ளி வைத்துக்கொண்டு போனார்கள். பூமாலைக் கடைகளுக்குப் புள்ளி, நடனப் பள்ளிக்குப் புள்ளி, கிளி ஜோசியருக்கும் ஒரு புள்ளி. எங்களுக்குப் புள்ளி வைக்க முடியவில்லை. நாங்கள்தான் எங்கேயும் இல்லையே. அதைச் சொல்லும்போது என் தோழிக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. "கொஞ்சம் பொறு லா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பொறுத்தோம். கூடமும் தயாரானது. திறப்பு விழாவுக்கு முதல் நாள் புவான் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். மரத் தரை. ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. குளிர்சாதனம். நான் தரையில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது. இந்த இடத்தில் நின்று பேசினால் யாரும் தடியோடு ஓடி வர மாட்டார்கள், மேலே பந்து விழாது, இதுதான் இடம் என்று பண்டமாரானில் இருக்கும் அந்த மனைவிக்குச் சொல்லி அனுப்பலாம். புவானும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்படியே இரண்டு பேரும் ஒரு படம் எடுத்துக்கொண்டோம், கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி. இங்கே கட்டைவிரல் தூக்காத படம் செல்லாது.

விழாவும் வழக்கம் போல நடந்தது. பிரமுகர் தாமதமாக வந்தார். பேசிய ஒவ்வொருவரும் வந்திருந்த பெரிய மனிதர்களின் பட்டங்களை வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள் அவரவர் பேச்சு நேரம் தீர்ந்தது. பிரமுகர் கண்ணாடிப் பலகையில் உள்ளங்கையை வைத்தார், விளக்கு எரிந்தது, புகை வந்தது, திரை விலகியது. திரைக்குப் பின்னால் எங்கள் இரண்டாவது வாளி பெரிதாக ஜொலித்தது. எல்லாரும் கைதட்டினார்கள்.

கூட்டம் கலைந்த பிறகுதான் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் படித்தேன். கூடம் திங்கள் முதல் வெள்ளி வரை, காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை திறந்திருக்கும். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் மூடப்படும்.

திரும்பத் திரும்பப் படித்தேன். மலாயிலும் படித்தேன், ஆங்கிலத்திலும் படித்தேன். மூன்று மொழியிலும் ஐந்து மணிக்குத்தான் மூடினார்கள். துறைமுகத்துக்காரர் என் பின்னால் நின்று படித்தார். "சரிக்கா" என்றார். ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு மட்டும் அவர் சொல்லும் வார்த்தை அது.

தோழியை இழுத்துக்கொண்டு புவானிடம் போனேன். நாங்கள் எல்லாரும் அந்த நேரத்தில் வேலையில் இருப்போம் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

"என்ன வேலை? நீங்கள் முழுநேரக் கலைஞர்கள் அல்லவா?" என்று மலாயில் கேட்டார்.

என் தோழி கைப்பையில் எதையோ தேடத் தொடங்கினாள். நான் ஒவ்வொருவராகச் சொன்னேன். காப்புறுதி, பள்ளிக்கூடம், மருத்துவமனை, துறைமுகம். கணக்காளரின் பெரியப்பாவைப் பற்றியும் சொன்னேன். புவான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தங்கள் அலுவலகக் கூட்டம் எப்போதும் எட்டரை மணிக்குத்தான் என்றார். கலைஞர்கள் தாமதமாக எழுவார்கள் என்று உங்களுக்காக மேலதிகாரியிடம் சண்டை போட்டுப் பத்து மணியாக்கினேன், நீங்கள் ஒருவர் விடாமல் ஒவ்வொரு தடவையும் வந்தீர்கள், பகல்தான் உங்களுக்கு வசதி என்று நான்தான் இந்த நேரத்தையே எழுதிக் கொடுத்தேன் என்றார்.

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நாங்களும் சிரித்தோம். அவர் எங்களுக்காகச் சண்டை போட்டிருக்கிறார், நாங்கள் அவருக்காக எம்.சி. எடுத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் இவ்வளவு மரியாதை இல்லாமல் இருந்திருந்தால் முதல் கூட்டத்திலேயே காரியம் முடிந்திருக்கும்.

சிரித்து முடித்தபோதும் கதவு ஐந்து மணிக்குத்தான் மூடியது. காவலாளிகளின் பணிநேரம், மின்சாரம், மேலிடத்து அனுமதி என்று மாற்ற முடியாததற்குக் காரணங்கள் வரிசையில் நின்றன. என் தோழி பயன்பாட்டு நேரம் பற்றி ஓர் ஆய்வு செய்யலாம் என்றாள். அது முடிய எவ்வளவு நாளாகும் என்று கேட்டேன். அவள் மறுபடி கைப்பைக்குள் போனாள்.

அடுத்த வாரம் புவானே போன் செய்தார். குரலில் குறும்பு இருந்தது. ஒத்திகைக்கு ஐந்து மணிதான், மாற்ற முடியாது. ஆனால் விதிமுறையில் "நிகழ்ச்சி" என்று ஒன்று இருக்கிறது, நிகழ்ச்சியென்றால் இரவு பத்து வரை கூடம் திறந்திருக்கலாம் என்றார். நிகழ்ச்சிக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று கேட்டேன்.

"ஒரு தலைப்பு, ஒரு பதாகை, ஒரு படம், கொஞ்சம் பொதுமக்கள். போலே கா?"

போலே, முடியும் என்றேன். இதுகூட முடியாதென்றால் நாங்கள் என்ன படைப்புத் தொழில்துறை?

அன்றிலிருந்து எங்கள் ஒத்திகைகள் நிகழ்ச்சிகளாகிவிட்டன. முதலாவதுக்கு "கலைஞரும் மக்களும்: ஓர் உரையாடல் மாலை" என்று பெயர் வைத்தோம். அரசாங்கத்துக்கு நிகழ்ச்சி கிடைத்தது, பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்குப் பொருள் கிடைத்தது. பொதுமக்களுக்குத்தான் கஷ்டப்பட்டோம். வேலை நாள் சாயங்காலம், ஒத்திகை பார்க்க எந்தப் பொதுமக்கள் வருவார்கள்? அவரவர் வீட்டிலிருந்து ஆளுக்கு இரண்டு பேரைப் பிடித்து வருவதென்று முடிவானது. கணக்காளர் தன் பெரியப்பாவைக் கூட்டி வந்தார். மனிதர் கல்லு மாதிரி இருந்தார். துறைமுகத்துக்காரர் தன் மனைவியோடு வந்தார்.

அந்த அம்மா முதலில் உட்காரவில்லை. கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கண்ணாடிச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், கழிவறைக்குப் போய் வந்தார், வெளியே போய்க் கதவு எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு என்னிடம், "எடம் நல்லாத்தான் இருக்குக்கா" என்று சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்தார். எனக்குப் பாதி உயிர் வந்தது. பதாகைக்கு முன்னால் எல்லாரும் நின்று கட்டைவிரலைத் தூக்கினோம். புவான் படத்தைச் சரிபார்த்துத் தலையாட்டினார். நிகழ்ச்சி முடிந்தது. ஒத்திகை ஆரம்பமானது.

வேலை போன ஒருவன் அதை வீட்டில் சொல்லாமல் தினமும் காலையில் உடுத்திக்கொண்டு வெளியே போய் வருகிறான், அதுதான் எங்கள் நாடகம். அன்று பார்த்த காட்சியில் மனைவிக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாள். துறைமுகத்துக்காரர் தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"சொல்லக் கூடாதுன்னு இல்ல. நான் ஒருத்தன் தூங்காம கெடக்குறது போதாதா? சொன்னா நீயும் தூங்க மாட்ட."

அவர் கை கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அதைத் திருத்துவதற்காக நிறுத்துங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, அத இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்களேன்."

பொதுமக்கள் ஒத்திகைக்கு நடுவில் பேசலாமா கூடாதா என்று எந்த விதிமுறையிலும் இல்லை. நான் துறைமுகத்துக்காரரைப் பார்த்து, "இன்னொரு தடவ, தம்பி" என்றேன்.

அவர் மனைவியாக நடிக்கும் பெண் ஓரமாக நகர்ந்துகொண்டாள். அவர் முன்வரிசையைப் பார்த்துச் சொன்னார்.